குப்பையைப் படிக்கத் தெரிந்தவர்

“தலைவலிங்களாம்மா?”

இரண்டு வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை. நான் கொண்டுபோன பையைக் கவிழ்த்ததும் ஒரு சின்னத் தைல பாட்டில் உருண்டு ஓடியது. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மகேஸ்வரி இப்படிக் கேட்டார்.

“மூணு வாரத்துல மூணு பாட்டிலு. அதான் கேட்டேன்.”

“மழைக்காலம் இல்லையா... சளி” என்று சமாளித்தேன். அவர் தலையாட்டிவிட்டுப் பாட்டிலைக் கண்ணாடி மூட்டையில் போட்டார். நம்பவில்லை என்று அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது.

கண்ணைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. காலி பாட்டிலைப் பார்த்துக் கண்டுபிடிப்பவரை இந்த வயதில்தான் பார்க்கிறேன். சளியெல்லாம் இல்லை. விஷயம் வேறு... அதை இன்று சொல்லியே ஆகவேண்டும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். செண்பகனூர் பஸ் ஸ்டாப்பிலிருந்து இறங்கும் சரிவில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. நாங்கள் ‘சென்டர்’ என்போம். புதன், சனி இரண்டு நாள் திறந்திருக்கும். மக்காத குப்பையை வீட்டிலேயே பிரித்து, நாமே சுமந்துபோய்க் கொடுக்க வேண்டும்.

“வண்டி வந்து வாங்கிப் போகக் கூடாதா?” என்று கீழே மதுரையிலிருந்து வரும் உறவினர்கள் கேட்பார்கள். எங்கள் சந்துக்குள் வண்டி இறங்காது. சரி, ரோட்டோரம் வைத்துவிட்டு வரலாமே? வைக்கலாம். வண்டிக்கு முன்னால் காட்டுமாடு வந்துவிடும். அதற்கு மக்கும் குப்பை, மக்காத குப்பை என்ற பேதமெல்லாம் கிடையாது.

சென்டரில் ஒரே ஒரு சட்டம். எல்லாவற்றையும் கழுவி, காயவைத்துக் கொண்டுவர வேண்டும். கழுவிவிடலாம். காயவைப்பது? கொடைக்கானலில் மேகம் வீட்டுக்குள் புகுந்துவிட்டால் நாலு நாளைக்கு நம் தலைமுடியே காயாது. பால் கவர் எங்கே காயும்? கொடியில் வரிசையாக கிளிப் போட்டு மாட்டிவைப்பேன். “என் பனியனுக்கு எப்ப இடம் கிடைக்கும்?” என்று என் கணவர் கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு தடவை ரோட்டிலிருந்து ஒரு டூரிஸ்ட் அம்மா அதை போட்டோ எடுத்துவிட்டு, “வேண்டுதலா மேடம்?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஒருவகையில் வேண்டுதல்தானே!

இப்படி ஒரு வருஷம் செய்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். வாராவாரம் நான் எழுதும் இதே பக்கத்தில்கூட ஒருமுறை உங்களுக்கு எடுத்திருக்கிறேன். குப்பையைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று ஒரு நினைப்பு.

மகேஸ்வரியை உட்கார்ந்து கவனிக்கும்வரைதான் அந்த நினைப்பு.

சென்டரில் குப்பையை வாங்கிப் பிரிக்கும் மகேஸ்வரிக்கு நாற்பது வயதிருக்கும். பேத்துப்பாறையிலிருந்து வெள்ளனே கிளம்பி பஸ் பிடித்து வருகிறார். பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பிவந்தவர்கள். அந்த வீட்டு வழக்கத்தில் டீயை இன்னும் தேத்தண்ணி என்பார். கட்டுக்கட்டாகப் பழைய பத்திரிகைகளைக் கொண்டுபோய்ப் போடுவதால் அவருக்கு நான் ‘பேப்பர்காரம்மா’. நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

கொட்டகைச் சுவரில் வரிசையாக மூட்டைகள் தொங்கும். ஒவ்வொன்றிலும் பெயிண்டால் ஒரு பெயர். ‘பால்’, ‘சத்தம்’, ‘ஊமை’, ‘சீக்கு’.

“அதென்ன சத்தம், ஊமை?” என்று கேட்டேன்.

“கசக்கிப் பாருங்க. மொறுமொறுன்னு சத்தம் போட்டா ஒரு சாதி. சத்தம் போடாம மடங்குனா இன்னொரு சாதி. ரெண்டையும் கலந்து அனுப்புனா கீழ மில்லுல எடுத்துக்க மாட்டாங்க.”

நான் சும்மா விடுவேனா? அவரைத் திரும்பி நிற்கச் சொல்லி ஒவ்வொரு கவராகக் கசக்கினேன். சத்தம். ஊமை. ஊமை. பிறகு, “இது சத்தந்தான். ஆனா உள்ளுக்குள்ள வெள்ளி ஒட்டியிருக்கு, தனியாப் போடுங்க” என்றார். பிரித்துப் பார்த்தேன். சிப்ஸ் கவர்... உள்ளே பளபளவென்று வெள்ளித்தாள்!

வாயைப் பிளந்து நின்றேன். நாமெல்லாம் அந்தக் கவரைக் கசக்கி எறிந்தவர்கள்தானே? ஒருநாளாவது அதன் சத்தம் காதில் விழுந்திருக்கிறதா?

நாலாவது மூட்டை, ‘சீக்கு’. அதற்குள் மாத்திரை அட்டைகள், காலி அட்டைகள். அவற்றை யாரும் வாங்குவதில்லையாம், தனியாகச் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டுமாம். போடுவதற்கு முன் ஒவ்வோர் அட்டையையும் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். மாத்திரை ஏதும் மிச்சமிருந்தால் பிதுக்கி எடுத்து ஒரு டப்பாவில் போடுவார்.

“அப்படியே போட்டா மழையில கரைஞ்சு ஓடைக்குப் போயிருங்க. கீழ அந்தத் தண்ணியத்தான குடிக்கிறாக.”

இந்தக் கட்டைவிரல்தான் பிறகு ஒரு மனிதரின் உயிரைக் காப்பாற்றியது.

அந்த மனிதர் எங்கள் பக்கத்து வீட்டு சிக்கந்தர் பாய். பஜாரில் குடையும் ஸ்வெட்டரும் விற்ற கடை அவருடையது. இப்போது கடையை வாடகைக்கு விட்டுவிட்டார். சீசன் சமயத்தில் அவர் மனைவி ஜுபைதாக்கா திடீரென்று இறந்துபோனார். மகள் பழனியில். கூடவே வந்துவிடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தாள். பாய் அசையவில்லை.

அவரால் சரிவில் இறங்கி ஏற முடியாது. அதனால் அவர் வீட்டுக் குப்பையையும் நான்தான் கொண்டுபோவேன். பழைய குடைத்துணியில் ஜுபைதாக்கா தைத்துவைத்த கறுப்புப் பை அது. சனிக்கிழமை காலையில் கேட்டில் மாட்டியிருக்கும். சென்டரில் அந்தப் பையை எல்லோருக்கும் தெரியும்.

நாலு மாதத்தில் பாய் ஆளே மாறிவிட்டார். எழுந்தால் கிறுகிறுப்பு. கையில் நடுக்கம். நெற்றியில் வேர்வை... இந்தக் குளிரில் வேர்வை! ஒருநாள் வாசல்படியில் சரிந்துவிட்டார். நல்லவேளை, பூந்தொட்டியைப் பிடித்துக்கொண்டதால் அடிபடவில்லை.

நான் என்ன நினைத்தேன்? துக்கம் என்று நினைத்தேன். துணை போனால் ஆண்கள் இப்படித்தான் உடைந்துபோவார்கள் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். “காலம்தான் பாய் மருந்து” என்று அவரிடமே சொன்னேன். அத்தோடு விட்டேனா? பெயரைச் சொல்லாமல் அவர் துக்கத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் உருக்கமாக எழுதினேன். நீங்களும் உருகி உருகிக் கடிதம் போட்டீர்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. மகேஸ்வரி குடைத்துணிப் பையைக் கவிழ்த்தார். ஒரு மாத்திரை அட்டையை எடுத்துத் தடவினார். மூட்டையில் போடவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“பேப்பர்காரம்மா, அந்த பாய்க்குச் சர்க்கரை இருக்குங்களா?”

“அவருக்கா? டீக்கு மூணு ஸ்பூன் போடுற ஆளு. சர்க்கரை அந்த அக்காவுக்குத்தான் இருந்துச்சு.”

“அப்ப இந்த அட்டைய யாரு பிரிக்கிறது?”

எனக்குப் புரியவில்லை. அவர் அட்டையைக் காட்டினார். ஓரத்தில் பச்சைக் கோடு.

“இது சர்க்கரை மாத்திரைங்க. எங்க வீட்டுக்காரரும் இதேதான் போடுறாரு. அந்தம்மா தவறி நாலு மாசமாச்சு. அட்டை நிக்கல, வாராவாரம் காலியாத்தான் வருது.” பைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளிக் காட்டினார். மிட்டாய்க் கவர்கள். “சர்க்கரை மாத்திரை போடுற வீட்டுல இவ்வளவு மிட்டாய்க் கவரு வராதுங்க. முன்னயெல்லாம் அவுக பையில ஒன்னுகூட இருக்காது. சர்க்கரை ரொம்ப எறங்கிப்போனா இனிப்பு கேக்கும். எங்க வீட்டுக்காரரு ஒருக்க அப்படித்தான் வேர்த்து விழுந்தாரு.”

வேர்வை. நடுக்கம். கிறுகிறுப்பு.

“அவருக்கு வேற ஏதும் மாத்திரை உண்டுங்களா?”

“பிரஷர் இருக்குன்னு அக்கா சொல்லியிருக்காங்க...”

மகேஸ்வரி தயங்கினார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார், யாரையும் குற்றம் சொல்லும் குரலில் இல்லை. “முன்ன அந்தப் பையில செவப்பு எழுத்துப் போட்ட அட்டையும் வருங்க. அந்தம்மா தவறுன அடுத்த வாரம், செவப்பு அட்டை மூணு முழுசா வந்துச்சு. பிரிக்காத அட்டை. நாந்தான் பிதுக்கிப் போட்டேன். அதுக்கப்புறம் செவப்பு வரவே இல்ல. அன்னைக்கு அத... நீங்கதான் கொண்டாந்தீங்க.”

ஆமாம். நான்தான்.

இறப்பு நடந்து ஒரு வாரம் கழித்து, பாயின் மகள் என்னிடம் வந்து, “அக்கா, அம்மா மருந்தப் பாத்தாலே அழுகையா வருது. அத்தா கண்ணுல படாம எடுத்துட்டுப் போயிருங்க” என்றாள். நானும் எடுத்தேன். படுக்கையறையில் ஜுபைதாக்காவின் தலைமாட்டு டிராயரில் இருந்தவை, சிவப்பு அட்டைகள். அடுப்படியில் டீத்தூள் டப்பா பக்கத்தில் கிடந்தவை, பச்சை. அக்காவின் டிராயரில் இருந்தால் அக்காவுடையது. அடுப்படியில் இருப்பது பாய் டீயோடு போட்டுக்கொள்வது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அட்டையில் எழுதியிருந்ததைப் படித்தேனா? இல்லை. பாயிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? அதுவும் இல்லை. பிரிப்பதில் நான்தான் பெரிய ஆளாயிற்றே!

“நின்னுக்கிட்டே இருக்காதீங்கம்மா. வெரசா போங்க” என்றார் மகேஸ்வரி.

ஓடினேன். சரிவில் அப்படி நான் ஏறி வருஷக்கணக்காகிறது. பாய் அப்போதுதான் அடுப்படியில் டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். மேடையில் பச்சைக் கோட்டு அட்டை. அதிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து சாஸரில் வைத்திருந்தார். ஜுபைதாக்கா அப்படித்தான் சாஸரில் வைத்து நீட்டுவார். இப்போது தனக்குத்தானே வைத்துக்கொள்கிறார்.

“பாய், அதப் போடாதீங்க!”

“ஏந் தங்கச்சி? தெனமும் போடுறதுதான. தீர்ந்தா காலி அட்டைய மெடிக்கல்ல காட்டுவேன், இதே மாதிரி குடுப்பாக.”

நம் ஊரில் மருந்து வாங்குவது இப்படித்தானே? சீட்டு எங்கே என்று கேட்டால் காலி அட்டையைக் காட்டுவோம். அட்டை தப்பாகிவிட்டால்? தப்பு மாதக்கணக்கில் ஓடும்.

என் கணவர் சந்து முனைக்கு ஆட்டோ கூட்டிவந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பிரஷர் பார்த்துவிட்டு முகம் சுருக்கினார். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு உடனே குளுக்கோஸ் கலந்து குடிக்கச் சொன்னார். “இல்லாத சர்க்கரைக்கு மாத்திரை, இருக்கிற பிரஷருக்கு மாத்திரை இல்லை. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா இங்க நடந்து வந்திருக்க மாட்டீங்க” என்றார். பாய் எப்படித் தாக்குப்பிடித்தார் என்று டாக்டரம்மாவுக்கே ஆச்சரியம். மிட்டாய் விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். “அந்த மிட்டாய்தான் இவரை இதுவரைக்கும் கொண்டுவந்து சேர்த்திருக்கு!”

“மாத்திரை எப்படி மாறிச்சு?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“எப்படியோ கைமாறிப்போச்சும்மா” என்றார் பாய்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

ஒரே வாரத்தில் பாயின் நடுக்கம் நின்றது. இரண்டாவது வாரம் கேட்டுவரை தானே வந்து பையை மாட்டினார். கண்டுபிடித்தது மகேஸ்வரி என்று சொல்லிவிட்டேன். பாய் மலைத்துப்போனார். “நான் பாத்ததேயில்லையே தங்கச்சி அந்தப் பொண்ண. அதுக்கு என் வீட்டுல நடக்குறது தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியலையே!” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் அதையேதான் நினைத்து மாய்ந்துபோனேன். ஒரு வேலி தள்ளி இருப்பவள் நான். தினமும் முகத்தைப் பார்க்கிறேன். வாராவாரம் அந்தப் பையை என் கையால் சுமந்தேன். என் கையில்தான் இருந்தது எல்லாம்! முகத்தைப் பார்த்த எனக்குத் தெரியவில்லை. முகமே பார்க்காதவருக்குத் தெரிந்தது.

ஆனால், மருந்தைத் தூக்கிப் போட்டது யார் என்பதை மட்டும் நான் பாயிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம். அடுத்த வாரம் சொல்லலாம். அவர்தான் நன்றாகிவிட்டாரே, இப்போது எதற்கு? இப்படி எத்தனை சாக்கு! அவர் வேலியோரம் நின்று “நீதாம்மா என்னைக் காப்பாத்துன” என்பார். எனக்கு நெற்றி தெறிக்கும். தைலம்... மறுபடி தைலம்.

அதுதான் மூன்று பாட்டில்.

அன்றைக்கு நான் சளி என்றதும் மகேஸ்வரி கொஞ்ச நேரம் கவர்களைப் பிரித்துக்கொண்டே இருந்தார். சத்தம். ஊமை. சத்தம். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னார்.

“தைலத்துக்கெல்லாம் இந்த வலி கேக்காதுங்கம்மா. சொல்லிட்டா போயிரும்.”

அவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! என் கணவருக்குத் தெரியாது. என் பேனாவுக்கும் தெரியாது. ஒரு காலி பாட்டிலில் இவ்வளவுமா எழுதியிருக்கிறது?

“தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க. தெம்பா சொல்லலாம்” என்று ஃபிளாஸ்கைத் திறந்தார்.

குடித்தேன். நேராகப் பாய் வீட்டுக்குப் போனேன். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். உங்கள் மகள் கேட்டது, நான் படித்துப் பார்க்காதது, உங்கள் மாத்திரையை என் கையால் கொண்டுபோய்ப் போட்டது, இத்தனை நாளாக வாயைத் திறக்காதது... சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டேன்.

பாய் திட்டவில்லை. டீக்கு மூன்றாவது ஸ்பூன் சர்க்கரையைப் போட்டுக் கலக்கினார்.

“நாப்பத்திரெண்டு வருசம் அவ கையால வாங்கி முழுங்குனவன் நானு. என் மாத்திரை எதுன்னு எனக்கே தெரியல. உனக்கு எப்படித் தங்கச்சி தெரியும்? அந்தச் சோலியெல்லாம் அவளோடதுன்னு இருந்துட்டேன். தப்பு அங்கல்ல கெடக்கு.”

பிறகு, “என் மாத்திரை எங்க இருந்துச்சுன்ன?” என்று கேட்டார்.

“அக்கா தலைமாட்டுல. டிராயருக்குள்ள.”

“அவளோடது?”

“அடுப்படியில. டீத்தூள் டப்பா பக்கத்துல.”

அவர் கை நின்றுவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“தன்னோடத அடுப்படியில போட்டுட்டு, என்னோடத தலமாட்டுல வச்சிருந்திருக்கா. இத எங்கிட்ட ஒருநாளும் சொல்லலையே... நீ இன்னைக்கு வந்து சொல்லலைன்னா எனக்குத் தெரியாமலே போயிருக்கும் தங்கச்சி.”

மன்னிப்பு கேட்கப் போனேன். அவர் எனக்கு நன்றி சொல்லி அனுப்பினார். இதை நான் எங்கே போய்ச் சொல்ல?

நேற்று சனிக்கிழமை. பாயே வருவேன் என்றார். ஒரு பக்கம் கம்பு, ஒரு பக்கம் என் கணவர். பத்துப் பத்தடியாக நின்று நின்று சரிவில் இறங்கினார். குடைத்துணிப் பையைத் தன் கையாலேயே மகேஸ்வரியிடம் கொடுத்தார். மகேஸ்வரி பையைக் கவிழ்த்தார். சிவப்பு அட்டையை எடுத்துக் கட்டைவிரலால் ஒவ்வொரு குழியாகத் தடவினார்.

“ஒன்னுகூட விடலைங்க” என்றார்.

பரீட்சையில் பாஸான பிள்ளைபோல சிரித்தார் பாய்.

அடுத்தது என் பை. கழுவி, காய்ந்தும் காயாமலும் பால் கவர். பேப்பர் கட்டு. பிஸ்கட் கவர். மகேஸ்வரி பையை உதறினார். இன்னொரு தரம் உதறினார். எதுவும் உருளவில்லை. ஒன்றும் கேட்காமல் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாராவாரம் நான் எழுதுவதை எத்தனை பேர் படிக்கிறீர்களோ, எனக்குத் தெரியாது. என் குப்பையை ஒருவர் ஒரு வரி விடாமல் படிக்கிறார்!